கருத்துக் கேட்புக்கு மைக் செட் போட்டவன்

அந்தப் பேப்பரை மடக்கிராதீங்க அண்ணாச்சி, தலைப்பை மட்டும் பாத்துக்கிடுதேன். ஆமா, அதேதான். 'கட்டாயக் கல்வி வயதைப் பதினெட்டாக உயர்த்தலாமா? மக்களிடம் கருத்துக் கேட்பு.' இப்பதான் மத்த ஊருக்கெல்லாம் போறாங்க போலுக்கு. எங்க ஆலங்கிணத்துல ஆனி மாசமே நடந்து முடிஞ்சிட்டு. அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட்டது யாருங்கீங்க? நான்தான். பேச்சிமுத்து சவுண்ட் சர்வீஸ். கேள்விப்பட்டிருப்பீங்களே. இல்லையா? சரி, நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசா இருக்கும்.

மைக் போட்டது மட்டுமில்ல, பேசவும் செஞ்சேன். பதினெட்டு வயசு வரைக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் படிக்க வைக்கணும், படிக்க வைக்காத அப்பனைப் பிடிச்சு உள்ள போடணும்னு பேசினேன். கைதட்டல் பலமா இருந்துச்சு. பஸ்ஸு தென்காசி போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, சொல்லுதேன் கேளுங்க.

நான் எட்டாப்புதான் அண்ணாச்சி. மறைக்க என்ன இருக்கு. எட்டாப்பு முடிச்ச கையோட எங்க மாமாகூட ஸ்பீக்கர் குழாய் கட்டப் போயிட்டேன். இன்னைக்குச் சொந்தமா ரெண்டு செட்டு, ஜெனரேட்டர், ஏத்திட்டுப் போக ஒரு குட்டியானை வண்டி. எனக்கு என்ன குறைச்சல்? இதை நான் எங்கேயும் சொல்லுவேன். டீக்கடையில சொல்லுவேன், கல்யாண வீட்டுல சொல்லுவேன், வீட்டுல சோறு திங்கும்போதும் சொல்லுவேன். "நான் எட்டாப்பு. எனக்கு என்ன குறைச்சல்?"

எனக்கு ஒரே பொண்ணு. இசக்கிப்பிரியா. நாங்க இசக்கின்னுதான் கூப்பிடுதது. கெட்டிக்காரி. பத்தாப்புல நல்ல மார்க்கு. நான் பக்கத்துத் தெருவுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தேன். பிளஸ் ஒன் சேக்கணும்லா, பள்ளிக்கூடம் திறக்கப் போவுது, போய்ப் பேரு குடுத்துட்டு வாளான்னு சொன்னா, இவ தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொல்லுதா, "எப்பா, நான் இனிமே பள்ளிக்கூடம் போகல. உங்ககூடச் செட்டுக்கு வாரேன்."

"ஏன்ளா?"ன்னு கேட்டேன்.

"நீங்க எட்டாப்புதான, உங்களுக்கு என்ன குறைச்சல்?"ங்கா.

பாருங்க அண்ணாச்சி, இந்தக் காலத்துப் பிள்ளைக எங்க இருந்துதான் இப்படிப் பேசக் கத்துக்கிடுதோ.

என் வீட்டுக்காரி சண்முகக்கனி ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா. அவ குணம் அப்படி. பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சவ. அதை விடுங்க, இப்ப அதுக்கு என்ன.

நான் நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயி ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சரைப் பாத்தேன். "டீச்சர், எம் பொண்ணு வரமாட்டேங்கா, நாலு பேரை அனுப்பி இழுத்துட்டு வாங்க"ன்னேன். அவுக என்ன சொல்லுதாக, "பேச்சிமுத்து, சட்டம் பதினாலு வயசு வரைக்கும்தான். அவ அதைத் தாண்டியாச்சு, பத்தும் பாஸ் பண்ணியாச்சு. இனிமே யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பேசித்தான் சம்மதிக்க வைக்கணும்." அதோட விட்டாகளா? "ஒன்பதுலயும் பத்துலயும் செவ்வாய்க்கிழமையானா அவ லீவு. அதைப் பத்தியும் உங்ககிட்டப் பேசணும்னு இருந்தேன்"னு ஆரம்பிச்சாக.

எங்க பக்கம் கோயில் திருவிழா, கொடைன்னு சொல்லுவோம், செவ்வாய்க்கிழமைதான் அண்ணாச்சி. ரெண்டு செட்டும் வெளிய போயிரும். ஆள் பத்தாது. பிள்ளை அப்பனுக்கு ஒத்தாசை செய்யுதது லீவுல சேருமா? பிள்ளை அப்பன்கூடத்தான இருந்தா, ஊரு சுத்தப் போகலையே. டீச்சருக்கு இதெல்லாம் எங்க புரியும். "அது முடிஞ்ச கதை டீச்சர், இப்ப சட்டத்துக்கு வழி சொல்லுங்க"ன்னேன். "சட்டத்தை நான் போட முடியாதுய்யா"ன்னு எந்திச்சுட்டாக.

எனக்கு அன்னைக்கெல்லாம் ஆத்தாமை. பதினாலோட நிறுத்திக்கிட்டா அது என்ன சட்டம்? பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடிக்கிறதே பதினஞ்சுலதான. அதுவரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டு, சரியா ரோட்டைக் கடக்கிற இடத்துல விட்டுட்டுப் போனா எப்படி? இப்படி நான் புலம்பிக்கிட்டு இருக்கும்போதுதான் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து ஆள் வருது. மெட்ராஸ்ல இருந்து ஒரு குழு வருதாம், கட்டாயக் கல்வியைப் பதினெட்டு வரைக்கும் ஆக்கலாமான்னு ஜனங்ககிட்டக் கேக்காங்களாம், பூதலிங்கம் மண்டபத்துல கூட்டமாம், மைக் வேணுமாம்.

சாமியே இறங்கி வந்த மாதிரி இருந்துச்சு.

கூட்டத்துக்கு முன்னாடி ஒரு வாரம் நான் வேற வேலை பாக்கல. ஊருல ஆதரவு திரட்டணும்லா. முதல்ல டீக்கடை மூக்கையா. "பதினெட்டு வரைக்கும் படிச்சா அப்புறம் எவன்வே டீக்கடைக்கு வேலைக்கு வருவான்?"னான். "உனக்கு இப்ப மட்டும் எவன் வாரான், நீதான கிளாஸ் கழுவுத"ன்னேன். யோசிச்சுப் பாத்துட்டு, "அதுவும் சரிதான், கையைத் தூக்குதேன்"னுட்டான்.

மண்டபத்துக்காரர் பூதலிங்கத்துக்கு வேற கவலை. "எல்லாப் பிள்ளையும் படிச்சிட்டே இருந்தா மண்டபம் என்ன ஆகும்?"னு கேட்டாரு. "அண்ணாச்சி, படிச்ச பிள்ளைக்குக் கல்யாணம் பெருசா நடக்கும், ரெண்டு நாள் மண்டபம் எடுப்பாங்க"ன்னேன். முகம் மலர்ந்துட்டு.

பீடி சுத்துற கோமதியக்காகிட்டப் போனேன். அவுக தட்டை மடியில இருந்து இறக்கக்கூட இல்ல. "பதினெட்டு வரைக்கும் வரச் சொல்லட்டும், நல்லதுதான். முதல்ல பள்ளிக்கூடத்துல இருக்க கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லு. எம் மக காலையில இருந்து தண்ணி குடிக்காம இருந்து வயித்து வலியில கிடக்கா"ன்னாக. "யக்கா, கூட்டம் வயசைப் பத்தி, தாழ்ப்பாளைப் பத்தி இல்ல"ன்னேன். "ரெண்டையும் ஒரே பிள்ளைதான அனுபவிக்குது"ன்னாக. பொம்பளைக விஷயத்தை விட்டு விலகித்தான் பேசுவாங்க, நான் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுல இசக்கி என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் கண்ணாடிக்கு முன்னால நின்னு பேசிப் பழகுவேன். "கல்வி என்பது"ன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை வராது. அவ செட்டுக்கு ஈயம் வச்சு ஒயர் பத்தவச்சுக்கிட்டே, "எப்பா, 'என்பது' வேண்டாம். நீங்க பேசுத மாதிரியே பேசுங்க"ன்னா. நல்ல யோசனைன்னு எடுத்துக்கிட்டேன். அவளை எதுத்துத்தான் பேசப் போறேன்னு அவளுக்கும் தெரியும். அப்பன் நல்லாப் பேசணும்னு இருந்திருக்கும், பாசம்.

கூட்டத்து அன்னைக்கு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்குற மிக்ஸரைப் பாக்குற பையன் சொந்தக்காரங்க சாவுக்குப் போயிட்டான். வேற வழியில்ல, இசக்கியை உக்கார வச்சேன். பள்ளிக்கூடம் போற பிள்ளையா இருந்தா உக்கார வச்சிருக்க மாட்டேன். அவதான் சும்மா இருக்காளே.

மண்டபம் நிறைஞ்ச கூட்டம். மேடையில மூணு பேரு. நடுவுல ஒரு அம்மா, பேரு தமயந்தின்னாங்க, பெரிய கண்ணாடி. ஒவ்வொருத்தரா வந்து பேசினாங்க. ஒருத்தரு, படிக்கிற பிள்ளை தானா படிக்கும், படிக்காத பிள்ளையைக் கட்டி வச்சா என்ன பிரயோஜனம்னாரு. இன்னொருத்தரு, கட்டி வச்சாவது வைக்கணும், இல்லேன்னா செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போயிருதான்னாரு. கோமதியக்கா எந்திச்சுத் தாழ்ப்பாளையே சொன்னாக. நான் தலையில அடிச்சுக்கிட்டேன், ஆனா அந்த அம்மா பேனாவை எடுத்து எழுதிக்கிட்டாக.

என் முறை வந்துச்சு. மேடை ஏறினேன். எத்தனை மேடைக்கு மைக் போட்டிருக்கேன், ஒருநாளும் இந்தப் பக்கம் நின்னதில்ல. இசக்கி அங்க இருந்து கையைக் காட்டி, மைக்குக்குக் கொஞ்சம் கிட்டப் போங்கங்கா. போனேன். அவ்வளவுதான், பொங்கிட்டேன் அண்ணாச்சி.

"அய்யா, அம்மா, நான் எட்டாப்பு. ஆனா எம் பிள்ளை அப்படி ஆகக் கூடாது. சட்டம் பதினாலுல நிக்குது, அதனால எம் பொண்ணு வீட்டுல நிக்கா. பதினெட்டு ஆக்குங்க. மீறி எந்த அப்பனாவது பிள்ளையைப் படிக்க வைக்கலேன்னா அவனைப் பிடிச்சு உள்ள போடுங்க. அதுல பாவ புண்ணியம் பாக்காதீங்க."

சொன்னேன்லா, கைதட்டல். மூக்கையா விசிலே அடிச்சான்.

அந்தக் கண்ணாடி அம்மா கேட்டாக, "உங்க பொண்ணு எங்க இருக்கா?"

"அந்தா, மிக்ஸர்ல இருக்காம்மா. ஆள் வரல, அவசரத்துக்கு உக்கார வச்சிருக்கேன்"னேன். ஏன்னே தெரியல, மண்டபமே சிரிச்சிட்டு.

"அவ கருத்தையும் கேக்கலாமே"ன்னாக அந்த அம்மா.

இசக்கி கூச்சப்பட்டு ஓடிருவான்னு நினைச்சேன். அவ முதல்ல குனிஞ்சு ரெண்டு திருகு திருகினா. தன் குரலுக்குத் தக்கபடி வச்சுக்கிட்டா போலுக்கு. அப்புறம் கையில மைக்கை எடுத்துக்கிட்டு இருந்த இடத்துலயே எந்திச்சு நின்னு பேசினா. நான் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்துலதான் நின்னேன், ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. அப்படியே சொல்லுதேன்.

"எனக்குப் படிக்கப் பிடிக்காம இல்ல மேடம். எங்க ஸ்கூல்ல பிளஸ் ஒன்ல சயின்ஸ் குரூப் இல்ல. பிசிக்ஸ் சார் மாத்தலாகிப் போனதுக்கு அப்புறம் யாரும் வரல. அக்கவுண்ட்ஸ் குரூப்தான் இருக்கு. சயின்ஸ் வேணும்னா தென்காசி போகணும், ரெண்டு பஸ் மாறணும், வீட்டுக்கு வர ராத்திரி மாதிரி ஆயிரும். எங்கப்பாகிட்டக் கேட்டேன். நீ அந்நேரத்துக்கு வந்தா செட்டு யாரு கட்டுவான்னு கேட்டாங்க. அக்கவுண்ட்ஸ் படி, சர்வீஸ் கணக்குப் பாக்க ஆகும்னு சொன்னாங்க. செட்டுக்காகத்தான் படிக்கணும்னா, நேரா செட்டுக்கே போயிரலாம்னு வந்துட்டேன்."

அந்த அம்மா எழுதிக்கிட்டே, மேல சொல்லுன்னு கையைக் காட்டினாக.

"பதினெட்டு வரைக்கும் ஆக்குங்க மேடம், நல்லதுதான். ஆனா பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் போட்டாப் பத்தாது. சாருக்கும் போடணும், பஸ்ஸுக்கும் போடணும்"னா. மைக்கை வைக்கப் போனவ, திரும்ப எடுத்து, "எங்கப்பாவை உள்ள போட வேண்டாம். ஆடி மாசம் நிறைய ஆர்டர் இருக்கு"ன்னுட்டு உக்காந்துட்டா.

சனம் சிரிச்ச சிரிப்பு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. செட்டைப் பாக்காங்கன்னு முதல்ல நினைச்சேன், ஏன்னா அவ்வளவு சுத்தமா இருந்துச்சு சத்தம். அப்புறம் பாத்தா என்னைத்தான்.

நான் அப்படிச் சொன்னேனான்னு கேக்கீங்களா? சொல்லியிருப்பேன். வேலை அலுப்புல ஆயிரம் சொல்லுவோம். அதை ஒரு பிள்ளை மனசுல வச்சுக்கிடுமா? எனக்கே மறந்துபோச்சு, அவ ஞாபகம் வச்சிருக்கா. அதான் சொன்னேனே, கெட்டிக்காரின்னு.

கடைசியில கையைத் தூக்கச் சொன்னாங்க. பதினெட்டுக்குச் சம்மதம்னு ஊரே தூக்குச்சு. நான் ரெண்டு கையையும் தூக்கினேன். ஒரு கை போதும்னாங்க.

மறுநாள் காலையில நான் கூட்டத்துக்குப் போட்ட செட்டை இறக்கிட்டு வீட்டுக்கு வந்தா, கதவுல பூட்டு. அடுத்த வீட்டுல கேட்டேன். "கனியும் பிள்ளையும் முதல் பஸ்ஸுக்கே தென்காசி போயிட்டாங்களே, உங்ககிட்டச் சொல்லலையா?"ன்னாங்க. சாவி ஜன்னல்ல இருந்துச்சு. அடுப்புல உப்புமா மூடி வச்சிருந்துச்சு. நான் தொடல. வாசல்ல பாக்ஸ் மேல உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எந்திச்சு ரோட்டைப் பாத்தேன். செட்டு கேட்டு யாராவது வருவாங்கல்லா, அதான்.

சாயங்காலம் ரெண்டு பேரும் வந்தாங்க. இசக்கி கையில புதுப் புத்தகக் கட்டு. கனி செருப்பைக் கழட்டிக்கிட்டே, "சயின்ஸ் குரூப்புல சேத்தாச்சு"ன்னா.

"யாரைக் கேட்டுச் சேத்த?"ன்னேன்.

"நேத்து மைக்ல நீங்கதான சொன்னீங்க, படிக்க வைக்காத அப்பனை உள்ள போடணும்னு. ஊரே கேட்டுச்சு. அதான் உங்களைக் காப்பாத்தலாம்னு போனேன்"னா.

நான் பேசின பேச்சு மறுநாளே பலிச்சிட்டு. மெட்ராஸ்காரங்க இன்னும் ஊர் ஊராக் கேட்டுக்கிட்டு இருக்காங்க, சட்டம் எப்ப வருமோ தெரியாது, ஆனா என் வீட்டுல வந்துட்டு. இதை நான் மூக்கையாகிட்டச் சொன்னேன். அவன் டீயை ஆத்திக்கிட்டே, "ஆமாவே, உம்ம பேச்சுதான்"னான். வேற பக்கம் திரும்பிச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

ஆடி மாசம் வந்துச்சு. முதல் செவ்வாய்க்கு மேலக்கரையில அம்மன் கொடை. மத்தியானக் கொடைக்கு வில்லுப்பாட்டு. இன்னொரு செட்டு வேற ஊருக்குப் போயிட்டு, மிக்ஸர் பையனும் அதுகூடப் போயிட்டான். காலையில நான் பொதுவாத்தான் சொன்னேன், "இன்னைக்கு ஒரு நாள் இசக்கி இருந்தா நல்லா இருக்கும்"னு. யாரைப் பாத்தும் சொல்லல. கனி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, "அவளுக்கு இன்னைக்குப் பரீட்சை. நான் வாரேன்"னு குட்டியானையில ஏறி உக்காந்துட்டா. இசக்கி பஸ்ஸுக்கு ஓடிட்டா.

கனிக்கு மிக்ஸர்ல எது திருகுனா என்ன ஆகும்னு தெரியாது. எனக்கு மட்டும் ரொம்பத் தெரியுமா, கைப்பழக்கம்தான், அதுவும் மேடையில பாதி நேரம் நிக்கணும். வில்லுப்பாட்டுப் பாடுத அண்ணாவி வாயைத் திறந்தாரு, செட்டு 'ஊய்'னு கத்துச்சு. காது கிழியுத மாதிரி. கனி ஒண்ணைக் குறைச்சா, அண்ணாவி குரலே காணாமப் போச்சு. கூட்டுனா மறுபடி 'ஊய்'. சாமியாடுதவரு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாரு. பிள்ளைகளெல்லாம் அதே மாதிரி 'ஊய்'னு கத்திக்கிட்டு ஓடுது.

கொடைக் கமிட்டித் தலைவர் வெள்ளைப்பாண்டி வேகமா வந்தாரு. "எங்கவே உம்ம மக? போன வருஷம் அவ எப்படிப் பாத்தா."

"தென்காசியில படிக்கா"ன்னேன்.

"இங்க இருந்து பக்கம்தான. ஒரு போன் போடும். அப்பன் கேட்டா விட்டுருவாங்க. நான் பைக் அனுப்புதேன், பூஜைக்குள்ள வந்திருவா."

நான் போனை எடுத்தேன். ஸ்கூல் நம்பரும் இருந்துச்சு. கனி என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. செட்டு கத்திக்கிட்டே இருக்கு. நான் போனைச் சட்டைப்பைக்குள்ள போட்டுட்டேன்.

"வேண்டாம்யா, பிள்ளைக்குப் பரீட்சை"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா, ஆடிக் காத்து அண்ணாச்சி. பைக்ல வந்தா கண்ணுல மண்ணு விழும். அதுக்காகத்தான்.

வெள்ளைப்பாண்டி, அடுத்த வருஷம் வேற செட்டு பாத்துக்கிடுதோம்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாரு. சரிங்கன்னேன். வருஷக்கணக்கா நம்ம செட்டுதான் அந்தக் கோயிலுக்கு. அண்ணாவி கடைசியில மைக்கைத் தள்ளி வச்சுட்டுத் தொண்டையை வச்சே பாடி முடிச்சாரு. நானும் கனியும் பாக்ஸைத் தூக்கி வண்டியில ஏத்தினோம். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கல்யாணம் ஆனதுல இருந்து அவ என்கூடச் செட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வண்டியில வரும்போது சிரிச்சுக்கிட்டே வந்தா. செட்டு ஊரையே கதறடிச்சிருக்கு, இவ சிரிக்கா.

இசக்கி வீட்டுக்கு வந்து கையைக் கழுவிட்டுச் சாப்பிட உக்காந்தா. "எப்பா, செட்டு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா.

"அருமையா இருந்துச்சு"ன்னேன்.

கனி ரசத்தை வச்சுக்கிட்டே, "ஊய்"னா.

இசக்கிக்குப் புரிஞ்சு போச்சு. "மைக்கை எங்க வச்சீங்க? பாக்ஸ் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"ன்னு கேட்டா. சொன்னேன். அவ டம்ளர்ல விரலை நனைச்சு, தரையில தண்ணியால படம் போட்டா. இது மைக்கு, இது ஆம்ப், இது பாக்ஸு. பாக்ஸ்ல வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போவுது, போயிப் பெருசாகி வருது, மறுபடி போவுதுன்னு வட்டமா விரலை ஓட்டினா. வருஷக்கணக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேன், மைக்குத் தலையில தட்டி நிறுத்தியிருக்கேன். அது எங்க இருந்து பிறக்குதுன்னு இப்பதான் பாக்கேன்.

"இது எத்தனாங் கிளாஸ் பாடம்ளா?"ன்னு கேட்டேன்.

"அலையைப் பத்தி வர்ற பாடம், பதினொண்ணுல இருக்குப்பா"ன்னா.

சோத்துத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். தரையில தண்ணி காயத் தொடங்கிட்டு. டம்ளரை அவகிட்ட நகட்டிக் குடுத்து, "மிச்சத்தையும் சொல்லுளா"ன்னேன்.